நாச்சாயி காட்டுப் புல்

வானியூர் அரசர் கொற்றவேலருக்கு மாடுகள் என்றால் உயிர். மேய்ச்சல் காட்டை நன்றாக வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் புல்விதையும், கிணறு வெட்ட ஆளும் மானியமாகக் கொடுத்துவந்தார். அதை வழங்கும் அதிகாரி பெரியண்ணருக்கோ மச்சான் என்றால் உயிர். மூன்று ஆண்டாக மானியம் மச்சான் வீட்டுக்கே போனது. அந்த மகராசனிடம் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது!

நான்காம் ஆண்டு அரசர், "நாளை மறுநாள் உம் மச்சான் காட்டை நானே வந்து பார்க்கிறேன்" என்று பெரியண்ணரிடம் சொல்லிவிட்டார்.

அரசர் கிளம்பும் நாள் காலையில் நாச்சாயி என்ற மாட்டுக்காரி அவைப்புலவர் அவினாசியிடம் அழுதபடி வந்தாள்.

"சாமி, கோடைக்குன்னு மாட்டைக்கூட உள்ள விடாம காப்பாத்தி வெச்ச புல்லுங்க. அரண்மனைக் குதிரைக்குன்னு சொல்லி நேத்து மொத்தமும் அறுத்துட்டுப் போயிட்டாங்க. இனிப் பதினோரு மாட்டையும் சந்தையில வித்துப்போட வேண்டியதுதானுங்க."

புலவர் லாயத்தில் எட்டிப் பார்த்தார். குதிரைகள் கொள்ளு மென்றுகொண்டிருந்தன. பச்சைப்புல் மருந்துக்கும் இல்லை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நாச்சாயி, நல்ல பசியோடு இருக்கிற பசு ஒன்றை மச்சான் காட்டுக்கு ஓட்டி வா" என்றார்.

அங்கே சாலையோரமாக முழங்கால் உயரத்துக்குப் புல் நின்றது. அரசருக்கு வாயெல்லாம் பல்.

புலவர் மெல்லக் கேட்டார். "அரசே, இந்தப் புல் விளைந்த காட்டுக்குத்தானே இந்த ஆண்டு மானியம்?"

"சந்தேகமென்ன? இந்தப் புல் விளைந்த காட்டுக்கே! இது என் வாக்கு."

பெரியண்ணர் பூரித்துப் போனார்.

"நாமா புல் தின்கிறோம், அரசே? தின்பவள் ஒரு வாய் ருசி பார்க்கட்டுமே!" என்று புலவர் நாச்சாயி ஓட்டி வந்த பசுவைக் காட்டினார்.

"ஐயோ, பசு மிதித்துவிடும்!" என்று பெரியண்ணர் குறுக்கே பாய்ந்தார்.

"மேய்ச்சல் காட்டில் மாடு மிதிக்காமல் மயிலா வந்து ஆடும்?" என்றார் புலவர்.

பசு ஒரு கடி கடித்து இழுத்தது. மொத்தக் கற்றையும் வாயோடு வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை. அரிவாள் வெட்டுத்தான் இருந்தது.

"இளம் புல், அரசே! வேர் இனிமேல்தான் வரும்" என்று உளறினார் பெரியண்ணர்.

அரசர் மச்சானை முறைத்தார். "எங்கே அறுத்து வந்து இங்கே செருகினாய்?"

"நா... நாச்சாயி காட்டுலதானுங்க!"

"அடடா, அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டேனே!" என்று அரசர் தலையில் கை வைத்தார்.

"அதனால் என்ன, அரசே? இந்தப் புல் விளைந்த காட்டுக்கு என்றுதானே சொன்னீர்கள்? அது நாச்சாயி காடு அல்லவா!" என்றார் புலவர்.

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் பட்டுச் சால்வையை எடுத்துப் புலவருக்குப் போர்த்தினார். நாச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"சரி புலவரே, விதை இன்றே போய்ச் சேரும். கிணறு வெட்ட யாரை அனுப்பலாம்?"

புலவர் பெரியண்ணரையும் மச்சானையும் பார்த்தார்.

"தேடவே வேண்டாம், அரசே. இதோ இரண்டு பேர் சும்மாதானே நிற்கிறார்கள்!"