தாளாளருக்கும் ஒரு விண்ணப்பம்

தென்காசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சவரியம்மா ஆயாவாக இருந்தாள். அங்கே ஆறாம் வகுப்பு படித்த அஃப்ரினுக்குச் சர்க்கரை நோய். சாப்பிடும் முன் இன்சுலின் போட வேண்டும். சர்க்கரை இறங்கினால் உடனே குளுக்கோஸ் வேண்டும்.

தாளாளர் தணிகாசலம் திடீரென்று உத்தரவு போட்டார். "பள்ளிக்குள் யாரும் ஊசி, மருந்து வைத்திருக்கக் கூடாது. ஆபீஸ் அலமாரியில் பூட்டணும். தேவைப்பட்டால் விண்ணப்பம் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்து வாங்கணும்."

"மயக்கம் வார பிள்ளை எப்படி எழுதும், ஐயா?" என்றாள் சவரியம்மா.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நீயே வாசலில் நின்று பையைச் சோதனை போடு!"

மறுநாள் சவரியம்மா ஒரு பையையும் விடவில்லை. மதியம் தாளாளர் சாப்பிட உட்கார்ந்தார். அவருக்கும் சர்க்கரை நோய்தான். டிரைவர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பையில் அவருடைய இன்சுலின் இல்லை.

"என் ஊசி எங்கே?"

"அலமாரியில பத்திரமா இருக்கு ஐயா. விண்ணப்பம் எழுதுங்க. தலைமையாசிரியர் வெளியே போயிருக்காங்க, சாயங்காலம் கையெழுத்து வாங்கிரலாம்."

"சாயங்காலம் வரைக்கும் என் உடம்பு தாங்குமா?" என்று கத்தினார் தாளாளர்.

"பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தாங்குமா, ஐயா?" என்று கேட்டபடியே சவரியம்மா அலமாரியைத் திறந்து, ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

தாளாளர் தலைகுனிந்தார். அன்றே உத்தரவைக் கிழித்துப் போட்டார்.

அடுத்த வாரம் நர்ஸ் ஒருவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். சர்க்கரை பார்ப்பது எப்படி என்று காட்ட அஃப்ரினை அழைத்தார். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாளாளரின் விரலைப் பிடித்தாள். தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் அவரே கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள் அஃப்ரின்.