மூன்றாம் பானை

முன்னொரு காலத்தில், கடலோரத்து நீலத்துறை நாட்டைச் சிங்கவாகனன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான்; சாப்பிட்டு எழுந்ததும் அதை மறந்துவிடுவான். அவன் செய்தவற்றில் உருப்படியானது வணிகக் கலாசாலை ஒன்றுதான். சரக்கோடு வெளிநாடு போகும் அரசு வணிகர்களை அங்கேதான் உருவாக்கினார்கள்.

அதில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. ஒவ்வொரு மாணவர் முன்னும் நான்கு பானைகள் இருக்கும். முரசு ஒலித்ததும் அறிவிப்பாளர் ஒரு கேள்வியையும் நான்கு விடைகளையும் படிப்பார். எத்தனையாவது விடை சரியோ அத்தனையாவது பானையில் புளியங்கொட்டையைப் போட வேண்டும். முந்திப் போட்டவருக்கே முன்னிடம்.

கேள்வி எழுதும் பண்டிதர் மகா சோம்பேறி. சரியான விடையை எப்போதும் மூன்றாவதாகவே வைப்பார். இதைக் கண்டுபிடித்தவர் அவையில் பெரிய மனிதராக உலவிய உலகளந்தார். கண்டுபிடித்தவர் சும்மா இருப்பாரா? பயிற்சிக்கூடம் திறந்துவிட்டார். வணிகக் கலாசாலையா, சாத்திரக் கலாசாலையா, எந்தத் தேர்வை எழுதுவது என்று முடிவு செய்ய ஒரு வகுப்பு. அந்த வகுப்பில் சேரலாமா என்று முடிவு செய்ய இன்னொரு வகுப்பு. எல்லாம் முடிந்த பிறகு, பட்டுத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்க் காதில் ஓதுவார்: "கேள்வியைக் கேட்காதே. கேட்டால் குழப்பம். முரசு ஒலித்ததும் மூன்றாம் பானை!"

இப்படித் தேறியவர்கள் அடைமழைக் காலத்தில் திறந்த படகில் உப்பு ஏற்றிப் போய், ஈரச் சாக்கோடு திரும்பி வந்தார்கள். அதற்கும் உலகளந்தார் மழையைத்தான் திட்டினார்.

ஒருநாள் அவர் அவையில் எழுந்தார். "அரசே, என் கூடத்தில் படிக்காதவர்களை இனித் தேர்வு மண்டபத்துக்குள் விடக் கூடாது. தகுதியில்லாத கூட்டம் பெருகிவிட்டது."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன், வெற்றிலையை மடித்துக்கொண்டே.

அப்போது மிளகு வணிகரின் மகள் பொன்னாச்சி முன்னால் வந்து வணங்கினாள். "அரசே, நாளைத் தேர்வுக்கு இரண்டு ஆண்டாகப் படித்திருக்கிறேன். இந்த ஆண்டோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. நாளை விட்டால் எனக்கு வேறு வாய்ப்பே இல்லை."

"எந்தக் கூடத்தில் படித்தாய், அம்மா?" என்று உலகளந்தார் இளித்தார்.

"வீட்டில்தான் ஐயா. கணக்கு, சரக்கு, காற்று, துறைமுகம் எல்லாம் படித்தேன்."

"ஐயோ பாவம்! அதெல்லாம் எதற்கு?"

அவை சிரித்தது. அமைச்சர் காரிநம்பி மட்டும் சிரிக்கவில்லை. "அரசே, நாளை இவளும் உட்காரட்டும். உலகளந்தாரின் மாணவர்களில் ஒருவராவது இவளை வென்றால், அவர் கேட்ட சட்டத்தை நானே எழுதித் தருகிறேன். விடைகளின் வரிசையையும் அறிவிப்பாளரையும் மட்டும் என்னிடம் விடுங்கள்."

"வாயே திறக்காதவனைக்கூட நியமித்துக்கொள்ளுங்கள், அமைச்சரே! என் பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் குறையாது."

"நல்ல யோசனை" என்றார் காரிநம்பி.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. "வேடிக்கைக்கு எனக்கும் நான்கு பானை வையுங்கள்" என்றான் அரசன். வைத்தார்கள்.

முரசு ஒலித்தது. அறிவிப்பாளர் ஓலையைப் பிரித்தார். பிரித்தபடியே நின்றார். வாயைத் திறக்கவில்லை.

பொலபொலவென்று புளியங்கொட்டைகள் விழுந்தன. உலகளந்தாரின் மாணவர்கள் கைகட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பொன்னாச்சி மட்டும் கொட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பாருங்கள் அரசே, திருதிருவென்று முழிக்கிறாள்!" என்றார் உலகளந்தார்.

"ஏன் பெண்ணே, இன்னும் போடவில்லை?" என்று அரசன் அதட்டினான்.

"கேள்வி இன்னும் வரவில்லையே, அரசே."

உலகளந்தாரின் முகம் வேகவைத்த கத்தரிக்காய்போல் சுருங்கியது. அரசனின் கை, தானும் போட்டுவிட்ட கொட்டையை எடுக்க, மெல்லத் தன் மூன்றாம் பானைக்குள் நுழைந்தது. மோதிரங்கள் இடித்ததால் உள்ளே சிக்கிக்கொண்டது. அவையினர் எல்லாரும் உத்தரத்தைப் பார்த்தார்கள்.

"பானைக்குள் பல்லி இருக்கிறதா என்று பார்த்தேன்" என்றான் அரசன்.

"அரசரின் கவனம் யாருக்கு வரும்?" என்றார் காரிநம்பி. பிறகு அறிவிப்பாளரிடம் தலையசைத்தார்.

இப்போது கேள்வி வந்தது. "உப்பு ஏற்றிய திறந்த படகு. மழை கறுத்து வருகிறது. அருகிலுள்ள துறையில் விலை குறைவு. தொலைவிலுள்ள துறையில் விலை அதிகம். என்ன செய்வாய்? ஒன்று, அருகிலேயே விற்பேன். இரண்டு, தொலைவுக்குப் போவேன். மூன்று, படகிலேயே படுத்துத் தூங்குவேன். நான்கு, உப்பைக் கடலில் கொட்டுவேன்."

விடைகளைப் படித்து முடிப்பதற்குள் மாணவர்கள் அத்தனை பேரும் படகிலேயே தூங்கிவிட்டார்கள். பொன்னாச்சி கடைசிவரை கேட்டு, கொட்டையை முதல் பானையில் போட்டாள். அடுத்தடுத்த கேள்விகளிலும் இதே கதைதான். ஒன்றில் மட்டும் அவள் தவறினாள்; அதையும் அவளே எழுந்து சொன்னாள்.

"இந்தத் தூங்குமூஞ்சிகளிடமா என் கப்பல்களைக் கொடுத்தேன்?" என்று அரசன் கர்ஜித்தான்.

"அரசே, வேகம்தானே திறமை..." என்று உலகளந்தார் இழுத்தார்.

"அந்தத் திறமையை நீரும் காட்டும். இன்றோடு கூடத்தை மூடிவிட்டு, இதே தேர்வை எழுதும். தேறிய பிறகு அவைக்கு வந்தால் போதும். வயது வரம்பை உமக்காகத் தளர்த்துகிறேன்."

காரிநம்பிக்கு அரசன் தன் முத்துமாலையைப் போட்டான். பொன்னாச்சிக்குக் கலாசாலையில் முதலிடம் கிடைத்தது. அவள் படித்து முடித்தாள், கப்பலேறினாள், நல்ல லாபத்தோடு திரும்பியும் வந்துவிட்டாள். அவையில் உலகளந்தாரின் ஆசனத்தில் இப்போது அவள்தான் உட்காருகிறாள்.

அவர் தேறி வருகிற வரைக்கும்தான்.