அழுத்தினால் மணி சொல்லும் கடிகாரம்

செம்பனூர் ஜமீன்தாரிடம் பிரெஞ்சு தேசத்துத் தங்கப் பைக்கடிகாரம் ஒன்று இருந்தது. அதன் தலைக்குமிழை அழுத்தினால் போதும், உள்ளே இருக்கிற மிளகளவுச் சுத்தியல்கள் அப்போதைய மணியை அடித்துச் சொல்லும். கும்மிருட்டில்கூட நேரம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒருநாள் அவர் மதியத் தூக்கம் கலைந்து எழுந்தால், கடிகாரத்தைக் காணோம்!

"நீங்கள் தூங்கும்போது அறையில் இருந்தவன் பங்கா விசிறிக் கயிறு இழுக்கிற சடையாண்டிதான்," என்றார் காரியஸ்தர் வயிரவநாதர். "இவன் கையை வெட்டினால் கடிகாரம் தானாக வெளியே வரும்."

வாசலில் அரிவாளோடு ஆள் வந்து நின்றுவிட்டான்.

சடையாண்டியின் கண் சும்மா இருக்கவில்லை. ஜமீன்தாரைக் கண்டாலே நெடுஞ்சாண்கிடையாக விழுகிற காரியஸ்தர், இன்றைக்கு வெறும் கும்பிடோடு நிறுத்திக்கொண்டாரே, ஏன்?

"எசமான்! காரியஸ்தரய்யா உங்க கால்ல விழுந்து, நான்தான் எடுத்தேன்னு சத்தியம் பண்ணட்டும். அப்புறம் நானே கையை நீட்டுறேன்."

"விழுந்து சொல்லுமய்யா," என்றார் ஜமீன்தார்.

"எனக்கு இடுப்புப் பிடிப்பு..."

"விழும்!"

காரியஸ்தர் முட்டி போட்டார். கையை ஊன்றினார். கோழி முட்டைமேல் உட்காருவதுபோல வயிற்றை மெல்ல மெல்லத் தரையில் வைத்தார். சத்தியத்துக்கு வாயைத் திறப்பதற்குள், அவர் வேட்டி மடிப்புக்குள்ளிருந்து டிங், டிங், டிங் என்று கேட்டது.

சடையாண்டி பங்காக் கயிற்றை மறுபடி கையில் எடுத்தான்.

"மணி மூணு ஆச்சுங்க எசமான். காரியஸ்தரய்யா வயிறே சொல்லிருச்சு."