கீச்சி பார்த்த கூடுகள்

ஒரு காட்டில், ஏரிக்கரையோரம் தூக்கணாங்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றுக்குள் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. ஆண்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண்குருவி வந்து பார்த்துச் சரி என்றால்தான் ஆண்குருவி மீதியைக் கட்டும்.

கீச்சி என்ற குருவிக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. மழைக்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. தப்பான கூட்டில் குடியேறினால் ஒரே காற்றில் முட்டைகள் ஏரிக்குள் போய்விடும்.

முதலில் ஈச்சமரத்துக்குப் போனாள். அங்கே மஞ்சத்தலையன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பாடினான். கீச்சிக்கு மனம் துள்ளியது. பிடித்துப் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் கூட்டை இழுத்துப் பார்த்தபோது முடிச்சு அலகோடு வந்துவிட்டது.

கூட வந்த அணிலண்ணன் எதையும் கணக்குப் பார்த்தே பேசுபவர். பாட்டா முட்டையைத் தாங்கும் என்று கேட்டுவிட்டு, அவளைக் கருவேலமரத்துக்கு அழைத்துப் போனார். ஓர் உம்மணாமூஞ்சிக் குருவி கட்டிய கூடு அது. சுற்றிலும் முள், கீழே தண்ணீர், முடிச்சும் நல்ல இறுக்கம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் கீச்சிக்கு உள்ளே போக மனம் வரவில்லை.

"பயமாக இருக்கிறது அண்ணே."

"எதற்குப் பயம்?"

"தெரியவில்லை."

"காரணம் தெரியாத பயத்துக்காக யாராவது இப்படி ஒரு கூட்டை விடுவார்களா?"

கீச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரி என்று சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று கிளையில் உட்கார்ந்து காது கொடுத்தாள். ஏரி முழுக்கத் தவளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. இந்த மரத்தடியில் மட்டும் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. குனிந்து உற்றுப் பார்த்தாள். வேரோடு வேராக ஒரு சாரைப்பாம்பு படுத்திருந்தது.

"பாம்பு!" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அணிலண்ணன், கணக்கெல்லாம் பார்க்காமல், அடுத்த மரத்தில் இருந்தார். உம்மணாமூஞ்சியும் பறந்தோடி வேறு மரம் தேடிக்கொண்டது.

கீச்சி நேராக ஈச்சமரத்துக்கு வந்தாள். "உன்னைப் பிடித்திருக்கிறது. உன் முடிச்சைப் பிடிக்கவில்லை. பிரித்துக் கட்டு" என்றாள்.

மஞ்சத்தலையன் பாட்டை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினான். பச்சை நாராகப் பார்த்துப் பார்த்துக் கிழித்து வந்து, அலகு நோக இறுக்கிக் கட்டினான். கீச்சி தொங்கிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள். கூடு அசைந்து கொடுத்தது, அவிழவில்லை. மரத்தடியில் தவளைகள் ஓயாமல் கத்தின. மனத்திலும் அந்தப் பயம் இல்லை. சந்தோஷமாக உள்ளே நுழைந்தாள்.

மழை வந்தது, காற்றும் வந்தது. கூடு ஊஞ்சலாக ஆடியது. உள்ளே முட்டைகள் கதகதப்பாகக் கிடந்தன. மஞ்சத்தலையன் வெளியே நனைந்தபடி, மறுபடியும் முடிச்சு அவிழ்ந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டான்.

"அழுதிருப்பேன்" என்றாள் கீச்சி. "அழுதுகொண்டே வேறு கூடு பார்த்திருப்பேன்."

நீதி: ஆசை, அறிவு, உள்ளுணர்வு மூன்றும் சொல்வதைக் கேட்டு முடிவெடு, ஒன்றை நம்பி மற்றவற்றின் வாயை அடைக்காதே.