உதிர்ந்த முள்ளும் உடும்பின் கிடங்கும்

கலகலவென்று ஒரு சத்தம். பிறகுதான் புதர் விலகியது. முள்களைக் குலுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தது ஒரு முள்ளம்பன்றி. வளையில் அதன் குட்டிகள் பசியோடு காத்திருந்தன.

அந்தக் காட்டில் மழைக்காலத்தில் எல்லோரும் பொதுக் கிடங்குக்கு வரி கட்டுவார்கள். கூடுதலாகக் கட்டியவர்களுக்குக் கோடையில் மிச்சம் திரும்பி வரும். முள்ளம்பன்றி கிழங்காகக் கூடுதலாகவே கட்டியிருந்தது. வேறு தீனி இல்லாத கோடை அது.

கிடங்கு ஒரு குகை. உள்ளே இருந்து கணக்குப் பார்ப்பது உடும்பு. குறுகலான பாறை இடுக்கு வழியாகத்தான் எல்லாம் நடக்கும். வெளியே நிற்பவரின் முகம் தெரியாது. மயில் என்றால் இறகை நீட்ட வேண்டும், முள்ளம்பன்றி என்றால் முள்ளை.

முள்ளை நீட்டியதும் உடும்பு கேட்டது: "மீதிக்கு வந்தீங்களாக்கா? பாதியைத்தான் காலையிலேயே தூக்கிட்டுப் போயிட்டீங்களே!"

"நானா? இப்பத்தானே வர்றேன்!"

"இதோ பாருங்க, உங்க முள்ளு."

அதன் முள்தான். போகிற வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டு போனால் யார் வேண்டுமானாலும் பொறுக்கலாமே!

வெட்கத்தில் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தது. குட்டிகளின் முகம் வந்து மறித்தது.

"அண்ணே, எவனோ என் பேர்ல வாங்கிட்டான். மீதியைப் பூட்டி வைங்க. முள்ளை மட்டும் பார்த்து யாருக்கும் கொடுத்துராதீங்க!"

"நல்லவேளை, உடனே சொன்னீங்க. ரகசியமா ஒரு சொல் சொல்லுங்க. இனி முள்ளோட அதுவும் வேணும். வருஷா வருஷம் மாத்திக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க. நான் யாரையும் அனுப்பி அதைக் கேக்க மாட்டேன்."

முள்ளம்பன்றி இடுக்கில் வாயை வைத்துச் சொன்னது. என்ன சொன்னது என்று எனக்கும் தெரியாது.

"விசாரிச்சுட்டுச் சொல்றேன். நாளைக்கு வாங்க" என்றது உடும்பு.

மறுநாள் விடிந்ததும் வளை வாசலில் ஒரு மரநாய் வந்து நின்றது.

"அக்கா! கிடங்கிலிருந்து வர்றேன். உடும்பண்ணன் அனுப்பினாரு. அந்த ரகசியச் சொல்லைச் சொன்னீங்கன்னா கிழங்கை நானே கொண்டுவந்து இறக்கிடுவேன்!"

"எனக்குக் கால் இருக்கு தம்பி. நானே போறேன்."

"கிடங்கைச் சாத்தப் போறாங்க! பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

குட்டி ஒன்று சிணுங்கியது. ஆனாலும் முள்ளம்பன்றி சொல்லைக் கொடுக்கவில்லை. முதுகைத் திருப்பி முள்களை விரித்தது. மரநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது.

முள்ளம்பன்றி நேரே கிடங்குக்குப் போய்ச் சொல்லைச் சொன்னது. மீதிக் கிழங்கு அப்படியே கைக்கு வந்தது.

"நேத்து பொழுது சாயுற நேரம் ஒரு ஆள் உங்க முள்ளோட வந்தான்" என்று சிரித்தது உடும்பு. "சொல் கேட்டேன். 'மறந்துபோச்சு'ன்னான். 'ஞாபகம் வந்ததும் வா'ன்னு அனுப்பிட்டேன்!"

"வந்தான் அண்ணே, என்கிட்டேயே கேக்க வந்தான்!"

"போன பாதியையும் கிடங்கே ஈடு கட்டும்க்கா. கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்."

முள்ளம்பன்றி கிழங்கைத் தூக்கிக்கொண்டு வளைக்குத் திரும்பியது.

உங்கள் பெயரில் ஒருவன் திருடினால் வெட்கப்படாமல் உடனே சொல்லிப் புதுப் பூட்டுப் போடுங்கள். அதன் சாவியை எவன் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

குட்டிகள் தின்றுவிட்டுத் தூங்கின. முள்ளம்பன்றி வளைக்குள் சரிந்து கிடந்த மண்ணைப் பின்னங்காலால் வெளியே தள்ளத் தொடங்கியது.