எலுமிச்சம்புல் வாசம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஜெபமணி பேராசிரியையாக இருந்தார். அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த மருதப்பன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், சித்த மருத்துவர். மனைவிக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் வந்த பிறகு படிக்க வந்தவர்.

எலுமிச்சம்புல்லுக்கு மணம் தருவது அதன் எண்ணெயிலுள்ள டெர்பீன் வகைப் பொருள். மருதப்பன் அதைப் பிரித்தெடுத்து, நடுக்க நோய் வரவழைத்த எலிகளில் பாதிக்கு ஆறு வாரம் கொடுத்தார்.

"மேடம், நடுக்கம் பாதியாக் குறைஞ்சிருக்கு" என்று தாளை நீட்டினார்.

ஜெபமணி வாங்கவில்லை. "நடுக்கத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டது யாரு?"

"நான்தான்."

"எந்த எலிக்கு மருந்துன்னு தெரியுமா?"

"கூண்டுல நம்பர் மட்டும்தான் இருந்துச்சு."

"வாசம்?"

மருந்து கொடுத்த கூண்டுகளில் புல் வாசம் வந்தது உண்மைதான்; மருதப்பன் தாளை மடித்துக்கொண்டார். நாட்டு வைத்தியன் கண்டுபிடித்ததை இந்த அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் காலை மேசையில் பன்னிரண்டு கூண்டுகள் இருந்தன.

"புது எலிங்க. எல்லாத்துக்கும் நோய் உண்டு. இதுக்கும் மதிப்பெண் போடுங்க அண்ணாச்சி."

மருதப்பன் ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து முன்னங்கால்களைப் பார்த்தார். ஆறு கூண்டுகளில் வாசம் வந்தது. பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, அந்த ஆறில் இரண்டுக்குப் போட்டதை அழித்து, நடுக்கம் கூடுதல் என்று மாற்றிப் போட்டார். அப்படியும் அந்த ஆறுக்குத்தான் நடுக்கம் குறைவு என்று வந்தது.

"இப்பவாவது நம்புவீங்களா மேடம்?"

"இதுல ஒண்ணுக்குக்கூட மருந்து கொடுக்கல. நீங்க மாடிப்படி ஏறும்போதுதான் ஆறு கூண்டுக்கு அடியில எண்ணெயைத் தடவி வச்சேன்."

மருதப்பன் திரும்பிப் போய்க் குனிந்தார். எல்லா எலிகளும் ஒன்றுபோல நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்னை ஏமாத்திட்டீங்க."

"ஆமா."

"அப்போ மருந்து பொய்யா?"

"அதுவும் தெரியாது. அதை இன்னும் யாரும் பார்க்கல."

மருதப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு வாரமா வீட்டுல அவளுக்கும் இதைக் கொடுத்துக்கிட்டிருக்கேன்."

ஜெபமணியின் முகம் மாறியது. "யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. ஆனா ரவிக்கைக் கொக்கியை இப்போ அவளே மாட்டுறா மேடம். 'கை நல்லாருக்கு'ன்னு அவ வாயாலயே சொன்னா. அவளுக்குப் பொய் சொல்ல வராது."

ஜெபமணி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லும்போது எதைப் பார்த்துச் சொன்னாங்க அண்ணாச்சி? கையையா, உங்க முகத்தையா?"