பூவாயி சொன்ன எண்

‘யாரும் பார்க்கலாம்’ என்று வாசலில் எழுதியிருக்கும். ஆனால் ஒருவரும் பார்த்ததில்லை. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்! ஒரு நாட்டுப் பிள்ளைகளையெல்லாம் எடைபோட்டு எழுதி, அரண்மனையில் வைத்திருந்த ஏடுதான் அது.

பாதிக்கு மேல் பிள்ளைகள் மெலிந்திருந்தால் அந்த ஊருக்குப் பால் கிடைக்கும். தன் ஊரான மூலக்காட்டின் நிலையை ஏட்டில் பார்க்கப் பூவாயி என்ற சிறுமி அரண்மனைக்கு வந்தாள்.

“உங்கள் ஊருக்கு எழுதியிருக்கும் எண்ணை முதலில் சரியாகச் சொல். அப்புறம்தான் ஏட்டைக் காட்டுவேன். அதுதான் விதி,” என்றார் ஏட்டதிகாரி அம்பலவாணர்.

“மெலிந்த பிள்ளைகள் முந்நூறு, ஐயா.”

“அடி அசடே! உங்கள் ஊரில் இருப்பதே நூறு பிள்ளைகள். மெலிந்தவர்கள் அறுபத்திரண்டுதான்!”

“சரி, அறுபத்திரண்டு, ஐயா. சரியாகச் சொல்லிவிட்டேன். ஏட்டைக் காட்டுங்கள்.”

அம்பலவாணர் திருதிருவென்று விழித்தார். எண்ணைச் சொன்னது அவளா, தானா? விதி நிற்கிறதா, போய்விட்டதா? ஒன்றும் விளங்காமல் ஏட்டைக் காட்டினார். பாலுக்கு ஓலையும் எழுதினார். வெளியே பத்து ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கை நிறையக் கற்கண்டை அள்ளி நீட்டினார்.

“இந்தா, எப்படிக் கேட்டாய் என்று அவர்களிடம் சொல்லிவிடாதே, தாயே!”

பூவாயி கற்கண்டை வாங்கவில்லை. வெளியே போய்ச் சொன்னாள்.